வில்வித்தை கற்கத் தொடங்குவோர் அறிய வேண்டியவை: வில் தேர்வு முதல் மதிப்பெண் வரை

திருவனந்தபுரம்: இங்குள்ள பத்மநாபசுவாமி கோயிலில் ஐப்பசியிலும் பங்குனியிலும் நடைபெறும் பத்து நாள் திருவிழாக்களின் ஒன்பதாம் நாள் இரவு பள்ளிவேட்டைக்குரியது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர் இளநீர் மீது அம்பெய்வதே அச்சடங்கின் மையமாகும். தலைநகரில் சடங்காக நிலைத்திருக்கும் வில், மாநிலத்தின் வடபகுதியில் போர்க்கருவியாக விளங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகப் பழசி ராஜா நடத்திய போரில் வயநாட்டின் குறிச்சியர் பழங்குடி வில்லாளிகள் முன்னின்றனர். 1802-இல் பனமரம் ராணுவ முகாமைத் தாக்கிய அவர்களின் தலைவர் தலக்கல் சந்து, 1805-இல் ஆங்கிலேயரால் கொல்லப்பட்டார்.

விளையாட்டாக இன்று பயிலப்படும் இலக்கு வில்வித்தை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. நிலையான தொலைவில், அசையாத இலக்கின் மீது, ஒரே செயலைப் பிசகின்றித் திரும்பத் திரும்பச் செய்வதே இதன் அடிப்படை. பயிற்சி மன்றங்களில் புதிதாகச் சேர்வோர் அறிய வேண்டியவை வருமாறு.

விற்களின் வகைகள்

சர்வதேசப் போட்டிகளில் ரிகர்வ், காம்பவுண்ட் என இரு வகை விற்கள் முதன்மையானவை. முனைகள் முன்னோக்கி வளைந்திருப்பது ரிகர்வ். ஒலிம்பிக்கில் இதுவரை இடம்பெற்று வந்தது இவ்வகையே. முனைகளில் சக்கரங்கள் பொருத்தப்பட்ட காம்பவுண்ட் வில்லில், நாணை முழுமையாக இழுத்ததும் கைக்கு வரும் பளு பெருமளவு குறைந்துவிடும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் பிரிவு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. இவை தவிர, மூங்கில் வில்லைக் கொண்டு 30 மற்றும் 50 மீட்டர் தொலைவில் எய்யும் 'இந்தியச் சுற்று' நம் நாட்டுப் போட்டிகளுக்கே உரியது.

தொடக்க நிலையினருக்குப் பிரித்துப் பூட்டக்கூடிய மரக் கைப்பிடி கொண்ட ரிகர்வ் வில்லே பெரும்பாலும் வழங்கப்படுகிறது. வலிமை கூடும்போது முழு வில்லையும் மாற்றாமல், அதன் இரு கிளைகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது இதன் சிறப்பு.

முதல் தவறு: கனத்த வில்

நாணை இழுக்கத் தேவைப்படும் விசை பவுண்டுகளில் அளவிடப்படுகிறது. முன்னணி ஆடவர் 40 பவுண்டுக்கு மேற்பட்ட விற்களைக் கையாள்கின்றனர். புதியவருக்கோ 15 முதல் 20 பவுண்டு வரையிலான வில்லே ஏற்றது. ஆற்றலுக்கு மீறிய வில்லை எடுப்பவர் முதுகுத் தசைகளுக்குப் பதிலாகத் தோளையும் கையையும் கொண்டு இழுக்கிறார். தோள் உயர்கிறது, உடல் பின்சாய்கிறது. இப்பழக்கம் படிந்துவிட்டால் திருத்துவது கடினம். தோள் மூட்டில் காயமும் ஏற்படலாம். எனவே, முதல் சில மாதங்களுக்குச் சொந்தமாக வில் வாங்காமல், மன்றத்தின் வில்லிலேயே பயில்வது நல்லது.

வில்லைத் தேர்வதற்கு முன் எந்தக் கண் ஆதிக்கம் மிக்கது என அறிய வேண்டும். கைகளை நீட்டி, விரல்களுக்கிடையே ஒரு சிறு துளை அமைத்து, அதன் வழியே தொலைவிலுள்ள பொருளைப் பார்க்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் இடம் மாறாமல் தெரிகிறதோ, அதுவே ஆதிக்கக் கண். வலக்கண் எனில் இடக்கையில் வில்லைப் பிடித்து வலக்கையால் நாணை இழுப்பது வழக்கம்.

அம்புகள் சற்று நீளமாகவே இருக்க வேண்டும். நாணை முழுமையாக இழுக்கும்போது குட்டையான அம்பு தாங்கியிலிருந்து நழுவி, வில் பிடித்த கையைத் துளைக்கும் அபாயம் உண்டு. முன்கைக் கவசம், விரல் கவசம், மார்புக் கவசம் ஆகியவையும் தேவை.

எய்தலின் படிநிலைகள்

1. நிற்றல்: எய்கோட்டின் இருபுறமும் பாதங்களைத் தோள் அகலத்திற்கு வைத்து நிமிர்ந்து நிற்றல்.
2. தொடுத்தல்: நிறம் மாறுபட்ட இறகு வில்லுக்கு எதிர்ப்புறம் நோக்கும்படி அம்பை நாணில் பொருத்துதல்.
3. இழுத்தல்: முதுகுத் தசைகளின் துணையுடன் நாணைச் சீராக இழுத்தல்.
4. நிலைகொள்ளல்: இழுக்கும் கையை ஒவ்வொரு முறையும் தாடையின் கீழ் ஒரே இடத்தில் பதித்தல்.
5. விடுத்தல்: நாணைப் பறிக்காமல் விரல்களைத் தளர்த்துதல்.
6. தொடர்தல்: அம்பு இலக்கை அடையும் வரை வில் பிடித்த கையைத் தாழ்த்தாதிருத்தல்.

தொடக்க வாரங்களில் சில மீட்டர் தொலைவில், மதிப்பெண் தாள் இல்லாத வெற்று இலக்கின் மீது எய்யச் செய்வது வழக்கம். எங்கே படுகிறது என்ற கவலையின்றி உடலசைவில் கவனம் செலுத்துவதே இதன் நோக்கம். பின்னர் 10, 18 மீட்டர் எனத் தொலைவு கூட்டப்படும்.

விசில் ஒலியே ஆணை

இருமுறை விசில் ஒலித்தால் எய்கோட்டிற்கு வர வேண்டும். ஒருமுறை ஒலித்தால் எய்யத் தொடங்கலாம். மும்முறை ஒலித்தால் சென்று அம்புகளை எடுக்கலாம். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட முறை ஒலித்தால் ஆபத்து எனப் பொருள். அக்கணமே அனைவரும் நிறுத்த வேண்டும்.

அம்பில்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது. அம்பிற்குச் செல்ல வேண்டிய விசை வில்லுக்கே திரும்பி அதைப் பிளக்கக்கூடும். இலக்கை நோக்கி ஓடுவதும் கூடாது. பதிந்திருக்கும் அம்புகளின் பின்முனை கண்ணைத் தாக்கலாம். அம்பைப் பிடுங்கும்போது பின்னால் எவரும் நிற்கலாகாது.

மதிப்பெண் முறை

ஒலிம்பிக் ரிகர்வ் போட்டியில் தொலைவு 70 மீட்டர். இலக்கின் விட்டம் 122 சென்டிமீட்டர். நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டர் மட்டுமே. மஞ்சளுக்கு 10, 9. சிவப்புக்கு 8, 7. நீலத்துக்கு 6, 5. கறுப்புக்கு 4, 3. வெள்ளைக்கு 2, 1 என மதிப்பெண் வழங்கப்படும். கோட்டைத் தொட்ட அம்புக்கு உயர்ந்த மதிப்பெண்ணே உரியது. தரவரிசைச் சுற்றில் 72 அம்புகள், அதிகபட்சம் 720 புள்ளிகள். அடுத்து நிகழும் ரிகர்வ் தனிநபர் ஆட்டங்களில் செட்டுக்கு மூன்று அம்புகள். வென்றவருக்கு 2 புள்ளி, சமநிலையானால் தலா 1. முதலில் 6 புள்ளி எட்டுபவர் வெற்றி பெறுவார்.

மழையும் ஈரமும்

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் திருவனந்தபுரத்தில் உபகரணப் பராமரிப்பு தனிக் கவனம் கோருவது. நாணுக்கு மெழுகு பூசி வர வேண்டும். வில்லை ஈரத்துடன் உறையிலிடாமல் துடைத்து உலர்த்த வேண்டும். வைக்கோல் இலக்குகள் நனைந்தால் மக்கிவிடும். மழைநாள்களில் 18 மீட்டர் உள்ளரங்கப் பயிற்சி உகந்தது.

இந்தியாவின் தடம்

1972-இல் ஒலிம்பிக்கிற்குத் திரும்பிய வில்வித்தையில் இந்தியா 1988 சியோல் போட்டியில் அறிமுகமானது. 2024 பாரிசில் தீரஜ் பொம்மதேவரா, அங்கிதா பகத் இணை நான்காமிடம் பெற்றது. ஒலிம்பிக் பதக்கம் இன்னும் கைகூடவில்லை. அதே ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் ஹர்விந்தர் சிங் தங்கம் வென்றார். கைகளின்றிப் பிறந்து, காலால் வில்லேந்தும் சீத்தல் தேவி, ராகேஷ் குமாருடன் இணைந்து வெண்கலம் வென்றார். உடலமைப்பு இவ்விளையாட்டுக்குத் தடையல்ல என்பதை இவ்வெற்றிகள் உணர்த்துகின்றன.

மன்றத்தில் சேருமுன் மூன்றை உறுதிசெய்துகொள்வது நலம்: தகுதி பெற்ற பயிற்றுநர் உள்ளாரா, இலக்குகளுக்குப் பின்னே அம்புத் தடுப்பு அமைந்துள்ளதா, போட்டிகளில் பங்கேற்க விரும்பினால் அம்மன்றம் மாவட்ட, மாநிலச் சங்கங்களுடன் இணைந்துள்ளதா என்பனவே அவை.