பிறப்பை எண்ணிப் பார்த்த பேரறிஞர்

நான் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற நாளில், கணக்கில் தவறிய என்னை நிறுத்தி, “படிப்பு என்பது பிறவியில் வரவேண்டும்; அது உங்களுக்கு வராது” என்று ஆசிரியர் ஒருவர் வகுப்பறையிலேயே கூறினார். மறுமொழி சொல்ல அன்று எனக்குத் துணிவில்லை. சொல்வதற்குரிய செய்தியும் தெரியாது. நான் வரலாறு கற்றவன், அறிவியல் ஆசிரியன் அல்லன். எனினும் பிறப்புவழி வருவது எது, வாராதது எது என்ற வினா என்னை விடவில்லை. அவ்வினாவுக்கே வாழ்நாளை அளித்த ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் அறிஞரைப் பற்றி நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் 1892இல் பிறந்தவர் அவர். தந்தையார் புகழ்பெற்ற உடலியல் அறிஞர். பெரிய தந்தையார் பிரிட்டனின் சட்டத்துறைப் பேரமைச்சராக விளங்கியவர். பிறப்பின் பெருமை பேசுவதற்கு அவரைவிடத் தகுதியுடையார் சிலரே. ஆயின் வியப்பு யாதெனில், அறிவியலில் அவர் பட்டம் எதுவும் பெற்றவரல்லர். பல்கலைக்கழகத்தில் அவர் பட்டம் பெற்றது கிரேக்க, இலத்தீன் இலக்கியமும் தத்துவமும் அடங்கிய பாடத்தில்.

தங்கை நவோமி வளர்த்த கினிப்பன்றிகளே அவருடைய முதல் ஆய்வுக்கூடம் எனலாம். பின்னர் இருவரும் நண்பர் ஒருவருடன் சேர்ந்து எலிகளை இனம் பெருக்கி, குட்டிகளின் நிறத்தைக் குறித்து வந்தனர். கண் இளஞ்சிவப்பாதல், உடல் நிறமிழத்தல் ஆகிய இரு இயல்புகளின் மரபணுக்களும் பெரும்பாலும் சேர்ந்தே தொடர்வதைக் கண்டனர். பாலூட்டிகளில் இத்தகைய பிணைப்பு நிறுவப்பெற்றது அதுவே முதல்முறை. 1915இல் கட்டுரை வெளிவந்தபோது ஹால்டேன் உலகப் போரின் களத்தில் இருந்தார். உடனுழைத்த நண்பரோ போரில் மாண்டார்.

1924 முதல் இயற்கைத் தேர்வைக் கணிதத்தால் அளந்து கட்டுரைகள் வரைந்தார். மான்செஸ்டர் பகுதியில் 1848இல் அரிதாக இருந்த கரிய அந்துப்பூச்சி, அந்நூற்றாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ எங்கும் பரவிவிட்டது. இவ்வளவு விரைவில் பரவ வேண்டுமாயின், வெளிறியவற்றைப் போல் ஒன்றரை மடங்கு சந்ததியைக் கரியவை விட்டிருத்தல் வேண்டும் எனக் கணக்கிட்டார். 1927 முதல் பத்தாண்டுகள் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் பிரிமுலா என்னும் பூச்செடியின் மரபியலை ஆராய்ந்தார். தலசீமியா என்னும் இரத்தக் குறையின் மரபணு மலேரியாவிலிருந்து காப்பதால்தான் மக்களிடையே நிலைத்திருக்கக்கூடும் என்று 1949இல் எழுதினார். ஓரிடத்தில் குறையென்று தோன்றுவது மற்றோரிடத்தில் உயிர்காக்கும் கவசம்!

மனிதர் அனைவரும் ஒரே திறத்தினர் என அவர் கூறவில்லை. மனிதருக்கு மனிதர் பிறவியிலேயே வேறுபாடு உண்டென்றே கூறினார். ஆனால் அதைக் கொண்டு ஓர் இனத்தையோ வகுப்பையோ தாழ்ந்ததென முத்திரையிட அறிவியலில் இடமில்லை என்பதை 1938இல் வெளியிட்ட ‘மரபும் அரசியலும்’ என்னும் நூலில் வாதிட்டார். அவரிடமும் குற்றம் உண்டு. சோவியத் நாட்டில் லைசென்கோவின் பிழையான கொள்கை அரசாணையாகி, மரபியலறிஞர் வாவிலோவ் 1943இல் சிறையில் மடிந்த பின்னும், பொதுவுடைமைக் கட்சியிலிருந்த ஹால்டேன் வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். கட்சிக்காக உண்மையைக் காத்திருக்கச் செய்தது எனக்கு உடன்பாடன்று.

1957இல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் இந்தியாவுக்கே வந்து, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். இந்தியக் குடிமகனும் ஆனார். விலையுயர்ந்த கருவிகள் இன்றியும் இந்நாட்டில் ஆய்வு நடத்தலாம் என்பது அவர் துணிபு. எஸ். கே. ராய் என்னும் மாணவர் பவளமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணினார். இருவகை நெல்லைக் கலந்து பயிரிட்டு விளைச்சலை ஒப்பிட்டார். சுரேஷ் ஜெயகர் ஆட்காட்டிப் பறவை கூட்டில் அமர்வதையும் எழுவதையும் காத்திருந்து குறித்தார். வேண்டியவை கண்ணும் குறிப்பேடும் பொறுமையும் மட்டுமே.

இவற்றுள் என் நெஞ்சில் நின்றது தென்னை ஆய்வு. தென்னையின் ஓலைகள் சில மரங்களில் இடமாகவும் சில மரங்களில் வலமாகவும் சுற்றி எழுகின்றன. கேரளத்துக் காயங்குளம் தென்னை நிலையத்தில் பணியாற்றி, ஹால்டேனிடம் வந்து சேர்ந்த டி. ஏ. டேவிஸ் இதை ஆராய்ந்தார். இடச்சுற்று மரங்கள் சற்று மிகுதியாகக் காய்த்தன. அப்படியாயின் அவற்றின் நெற்றையே விதைக்கலாமே என நமக்குத் தோன்றும். ஆனால் தாய்மரம் எதுவாயினும், தந்தைமரம் எதுவாயினும், கன்றுகளில் ஏறத்தாழ பாதி இடமாகவும் பாதி வலமாகவுமே அமைந்தன. அந்த இயல்பு மரபுவழி வருவதன்று! எண்ணிப் பாராதவரை இதை எவர் நம்பியிருப்பார்?

1961இல் அந்நிறுவனத்தினின்று விலகிய ஹால்டேன், மறு ஆண்டு ஒரிசா அரசின் ஆதரவில் புவனேசுவரத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தார். அங்கேயே 1964 டிசம்பர் 1ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவர் விரும்பியவாறே, அவருடைய உடல் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பெற்றது.