நாற்காலியின் முதுகில் ஓர் எண்

சென்ற மாதம் ஊத்துக்கோட்டையில் ஒரு பழைய சாமான் கடை வாசலில், பிரம்பு அறுந்த தேக்கு நாற்காலி ஒன்றைக் கண்டோம். அதன் முதுகில் வெள்ளைச் சாயத்தில் ஏதோ ஓர் அலுவலகத்தின் இருப்பு எண். கடைக்காரர் விறகு விலைதான் சொன்னார். அந்த எண் நம்மை டென்மார்க் வரை நினைக்க வைத்தது.

கோப்பன்ஹேகன் தச்சர் சங்கம் 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தியது. வடிவமைப்பாளரும் தச்சரும் அங்கே இணைந்தே அரங்கேறினர். ஃபின் யூல் 1941இல் வடிவமைத்த 'கவிஞர்' சோஃபாவைச் செய்தவர் நீல்ஸ் வோடர். இன்று அக்காலத்து டேனிஷ் சோஃபாவைத் தேடிச் சேகரிப்பவர்கள் முதலில் அடிப்பக்கத்தைப் புரட்டித் தச்சரின் முத்திரையைத்தான் பார்க்கிறார்கள். மறுபதிப்பினின்று மூலத்தைப் பிரித்துக் காட்டுவது அதுவே.

நம் நாட்டில் இதற்கு நிகரான கதை சண்டிகருடையது. லெ கொர்புசியேவின் உறவினரான பியர் ழான்னெரே 1951 முதல் 1965 வரை அங்கே தங்கி, தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்குத் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகள், சோஃபாக்கள், மேசைகள் அமைத்தார். யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் அப்பணியில் பங்கு பெற்றனர். பின்னாளில் அவை உடைசல் என்று ஏலம் போயின. ஐரோப்பிய வணிகர்கள் வாங்கிச் செப்பனிட்டு, பாரிசிலும் நியூயார்க்கிலும் பெருந்தொகைக்கு விற்றனர். 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை விதித்தது. ஆயினும் முன்பே வெளியேறியவற்றை மீட்க வழியில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, ஒரு பொருள் தொல்பொருளாக நூறாண்டு நிறைய வேண்டும். இவற்றுக்கு அவ்வயது இல்லை.

ஏலக்கூடங்களில் அவற்றுக்கு மதிப்புக் கூட்டுவது எது? முதுகில் எழுதிய அலுவலக எண்தான்! எந்தக் கட்டடத்தில், எந்தத் துறையில் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அம்மரத்தை இழைத்தவர் யார், பிரம்பைப் பின்னியவர் யார் என்பதை அவ்வெண் சொல்வதில்லை. டென்மார்க்கில் தச்சரின் பெயர் மரத்தோடு நின்றது. இங்கே உரிமையாளரின் கணக்கு மட்டுமே நின்றது. சிற்பியின் பெயரறியாமலே கோயிற்சிற்பங்களை வியந்து பழகிய நமக்கு இது புதிதன்று. எனினும் வெறும் அறுபது, எழுபது ஆண்டுகளுக்குள் பெயர்களைத் தொலைத்துவிட்டோம் என்பது உறுத்துகிறது.

நாற்காலியை வாங்கி வந்தோம். பிரம்பு பின்னிக் கொடுத்த முதியவரின் பெயரைக் கேட்டு, அந்த எண்ணுக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறோம். "எதுக்கு சார் இதெல்லாம்?" என்றார் அவர்.