முகவரியில் ஒரு சதவீதக் குறி

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது, எழுத்தின் மேல் ‘அக்சான்’ கோட்டை விட்டால் வாத்தியார் மதிப்பெண்ணைக் குறைப்பார்.

1994-இல் டிம் பெர்னர்ஸ்-லீ முதலானோர் எழுதிய இணைய முகவரி விதியில் அந்தக் கோட்டெழுத்துக்கும் இடமில்லை, தமிழுக்கும் இடமில்லை. % குறியும் இரண்டு இலக்கமுமாக மாற்ற வேண்டும். எந்த எழுத்துமுறைப்படி என்று சொல்லவில்லை. ஆகவே ஒரே கோட்டெழுத்து ஓரிடத்தில் ஒரு பைட், வேறிடத்தில் இரண்டு. 2005-இல் வந்த விதி, புதிய வகை முகவரிகளுக்கு யூ.டி.எஃப்-8 என்றது, அதில் நம் ‘அ’வுக்கு மூன்று பைட்.

அதே விதி இன்னொன்றும் சொன்னது: ஒருமுறைக்கு மேல் மாற்றாதே, ஒருமுறைக்கு மேல் பிரிக்காதே. இடைவெளி %20, மறுபடி மாற்றினால் %2520. சோதித்த பிறகு மீண்டும் பிரித்தால், ஒளிந்திருந்த விஷமம் உள்ளே வந்துவிடும். தபால் பதிவேட்டில் ஒரு கடிதத்துக்கு ஒரே எண் போட்ட குமாஸ்தாவுக்கு இது புரியாதா என்ன?