பெரியம்மாவின் மாத்திரை: கொஞ்சம் வரலாறு

போன சித்திரையில் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பெரியம்மா மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக் கொண்டிருந்தார். திருவொற்றியூரில் சித்திரை மாதம் யாருக்குத்தான் வேர்க்காது? ஆனால் இது வேறு வேர்வை. "உள்ளேர்ந்து அடுப்பு மூட்டினாப்ல இருக்குடா. அஞ்சு நிமிஷத்துல அப்படியே குளிருது" என்றார்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கரண்டு (கதிர்வீச்சை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்) எல்லாம் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மிச்சம் இருந்தது தினம் ஒரே ஒரு மாத்திரை. பெயர் டாமாக்ஸிஃபென். குறைந்தது ஐந்து வருஷம் சாப்பிட வேண்டும்.

அடுத்த வாரம் ரேஷன் கார்டு தேடும்போது பிஸ்கட் டப்பாவுக்குள் மூன்று மாதத்து மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியிருக்கிறார்! கேட்டதற்கு, "வேர்க்குது, தூக்கம் வரல, முட்டி வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். இதுக்குப் பெருசா சைடு எஃபெக்ட் கிடையாதும்மான்னுட்டாரு. அப்போ எனக்குத்தான் ஏதோ ஆகிப்போச்சு போல" என்றார்.

"பெருசா கிடையாது" என்று முதலில் சொன்னது யார்? தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு. (வரலாற்றுப் பாடத்தில் நான் வாங்கிய மார்க் தெரிந்தவர்கள் சிரிக்க வேண்டாம்.)

கதை 1896-ல் ஆரம்பிக்கிறது. கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்ஸன் என்ற டாக்டர், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களுக்குச் சினைப்பைகளை அகற்றினால் கட்டி சுருங்குவதாக எழுதினார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது கிடையாது. 1940-களில் எதிர்த் திசையில் போனார்கள். அதிக அளவு ஈஸ்ட்ரோஜன் அல்லது ஆண் ஹார்மோன் கொடுத்தார்கள். சிலருக்குக் கட்டி சுருங்கியது. கூடவே வாந்தியும் வீக்கமும் வந்தன. ஆண் ஹார்மோன் எடுத்தவர்களுக்கு மீசை முளைத்தது, குரல் கட்டையானது. முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய 1954-ல், உலகம் முழுக்க ஹார்மோன் சிகிச்சை என்றால் பெரும்பாலும் இப்படித்தான்.

1962-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனியில் டோரா ரிச்சர்ட்ஸன் என்ற வேதியியலாளர் ஒரு புது மருந்தைத் தயாரித்தார். எதற்கு? கருத்தடைக்கு! எலியிடம் நன்றாக வேலை செய்தது. பெண்களிடம் நேர்மாறாகக் கருமுட்டை வெளிவரத் தூண்டியது. ஃபெயில். அத்தோடு மூலையில் போட வேண்டியதை, ஆர்தர் வால்போல் என்ற விஞ்ஞானி விடாப்பிடியாகப் புற்றுநோய்ப் பக்கம் திருப்பினார்.

(இந்த இடத்தில் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒன்று. அதே ஐ.சி.ஐ.யின் இந்தியக் கம்பெனிக்கு எண்ணூரிலேயே மருந்துத் தொழிற்சாலை இருந்தது. 2002-ல் நிகோலஸ் பிரமல் அதை வாங்கியது. எத்தனை தடவை பஸ்ஸில் அந்தப் பக்கம் போயிருப்பேன்!)

1971-ல் மேரி கோல் என்ற டாக்டர் மான்செஸ்டரில் இருந்து முதல் முடிவுகளை வெளியிட்டார். முற்றிய நோயோடு இருந்த 46 பெண்களில் 10 பேருக்குப் பலன். பழைய மருந்துகளும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தந்தன. புது மருந்தின் பெருமையாக அந்தக் கட்டுரை சொன்னது, தொந்தரவான பக்க விளைவுகள் குறைவு என்பதை.

எனக்குப் பொறி தட்டியது இங்கேதான். எதோடு ஒப்பிட்டால் குறைவு? மீசை முளைப்பதோடும் ஓயாத வாந்தியோடும். யாருக்குக் குறைவு? கட்டி முற்றி, கொஞ்ச காலமாவது கிடைக்காதா என்று இருந்தவர்களுக்கு. அன்றைக்கு அது நூற்றுக்கு நூறு உண்மை.

ஆனால் பிறகு மருந்து ஆள் மாறியது. ஆபரேஷன் முடிந்து நலமாக இருப்பவர்களுக்கு, நோய் திரும்பாமல் இருக்கத் தர ஆரம்பித்தார்கள். முதலில் இரண்டு வருஷம், பிறகு ஐந்து. 2012-ல் வந்த அட்லஸ் ஆய்வுக்குப் பின் சிலருக்குப் பத்து. நாலு மாதம் தாங்கக்கூடிய சூடும் பத்து வருஷச் சூடும் ஒன்றா? வாக்கியம் மட்டும் மாறவில்லை.

மருந்தைக் குறை சொல்ல வரவில்லை. ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டி என்றால், ஐந்து வருஷம் சாப்பிட்டவர்களிடம் 15 வருஷத்தில் மார்பகப் புற்றுநோய் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று 2011-ல் ஆக்ஸ்போர்டு தொகுப்பாய்வு காட்டியது. சாதாரண விஷயமா! கெட்டதும் உண்டு. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய், காலில் ரத்த உறைவு, இரண்டும் அரிது, ஆனால் நிஜம். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ ஒரு கால் மட்டும் வீங்கினாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு அனாஸ்ட்ரஸோல், லெட்ரஸோல் என்று வேறு வகை மாத்திரைகள் வந்தன. அவற்றில் மூட்டு வலியும் எலும்புத் தேய்வும் அதிகம்.

பெரியம்மா தனி ஆள் இல்லை என்பதும் தெரிந்தது. கலிஃபோர்னியாவில் 8,769 பெண்களைப் பார்த்த ஆய்வில் (2010), ஹார்மோன் மாத்திரையை முழுக் காலமும் ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் 49 சதவீதம்தான். இதைச் சொன்னபோதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அமெரிக்காக்காரியும் டப்பாவுலதான் போட்டாளா?" என்றார்.

இந்தத் தொந்தரவுகளையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொள்ள இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. வெண்லாஃபாக்ஸின் என்ற மனச்சோர்வு மருந்து சிறு அளவில் இந்தச் சூட்டைக் குறைக்கும் என்று 2000-ல் காட்டினார்கள். இன்னொரு மனச்சோர்வு மருந்தான பராக்ஸெட்டினோ, டாமாக்ஸிஃபெனைக் கல்லீரல் வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுவதையே தடுக்கிறது. ஆகவே கடைக்காரரிடம் கேட்டு எதையும் வாங்காதீர்கள். மற்ற வகை மாத்திரைகளின் மூட்டு வலிக்கு, ஒரு வருஷ உடற்பயிற்சி நல்ல பலன் தந்ததாக அமெரிக்காவின் 'ஹோப்' ஆய்வு சொல்கிறது.

இந்தத் தடவை நானும் கூடப் போனேன். பத்து நாள் எப்போதெல்லாம் சூடு வந்தது, எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொண்டு போனோம். வேறு டாக்டர். தாள்களை வரிசையாகப் படித்தார். மூன்று மாதம் நிறுத்தியதற்குத் திட்டவில்லை. டாமாக்ஸிஃபெனைத் தொடரச் சொல்லி, சூட்டுக்குத் தனியாக ஒரு மாத்திரை எழுதினார், ஒன்றரை மாதத்தில் திரும்ப வரச் சொன்னார். சாயங்கால டீயைப் பெரியம்மாவே விட்டுவிட்டார். விடியற்காலையில் கடலோரம் கல் கொட்டிய இடம் வரை நடக்கிறார், லாரிகள் கிளம்புவதற்கு முன்னால்.

சூடு முழுக்கப் போகவில்லை. முன்பு ராத்திரிக்கு ஐந்தாறு தடவை, இப்போது இரண்டு. நேற்றும் மாடிப் படியில்தான் இருந்தார். மாத்திரை போட்டாச்சா என்று கேட்டேன்.

"எட்டரைக்கே போட்டாச்சு. நீ போய்த் தூங்கு."