தாமே விலகிய பேராசிரியர்

1882ஆம் ஆண்டு, ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் பழைய ஏற்பாட்டுப் பேராசிரியராக இருந்த யூலியுஸ் வெல்ஹவுசன் தம் பதவியைத் துறந்தார். எவரும் அவரை நீக்கவில்லை.

1878இல் வெளிவந்த இஸ்ரயேல் வரலாற்று நூலில், மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து நூல்களும் பல காலத்து மூலங்களின் தொகுப்பு என்றும், அவற்றுள் குருத்துவச் சட்டங்களே காலத்தால் பிந்தியவை என்றும் அவர் வாதிட்டிருந்தார். கிராஃப், கியூனென் முதலியோர் முன்வைத்த கருத்துக்கு அவர் முழு வடிவம் தந்தார். சொல்வழக்கும் வழிபாட்டு விதிகளின் படிநிலை வளர்ச்சியும் அவருக்குச் சான்றுகளாயின.

இறையியல் பேராசிரியர் மாணவரைத் திருச்சபைப் பணிக்கு ஆயத்தப்படுத்த வேண்டியவர். தம் பாடமோ அவர்களை அப்பணிக்குத் தகுதியற்றவர்களாக்குகிறது. விலகல் கடிதத்தில் அவர் கூறிய காரணம் இதுவே.

அதற்கு முந்தைய ஆண்டுதான், இதே போன்ற கருத்துகளுக்காக வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித்தை அபர்தீன் பேராசிரியர் பதவியிலிருந்து அவருடைய திருச்சபை நீக்கியிருந்தது. ஸ்மித் கேம்பிரிட்ஜில் அரபுப் பேராசிரியரானார். வெல்ஹவுசன் ஹாலேயில், முன்னினும் தாழ்ந்த நிலையில், செமித்திய மொழிகளைக் கற்பித்தார். 1885இல் வெல்ஹவுசன் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதியவர் ஸ்மித்.

பின்னாளில் வெல்ஹவுசன் அதே மூலத் திறனாய்வு முறையைத் தொடக்ககால இஸ்லாமிய வரலாற்றுக்கும் கையாண்டார். தம் முடிவுகளில் எதையும் அவர் மறைக்கவோ மழுப்பவோ இல்லை.

மூலபாடங்களின் காலத்தைக் கணிக்கக் கற்கும் நமக்கு அவருடைய முறை பழகியதே. அம்முடிவுகள் எதிரே அமர்ந்திருக்கும் மாணவரின் வாழ்வை எவ்வாறு பாதிக்கும் என்ற கேள்வியை நம் வகுப்பறைகளில் எத்தனை முறை எழுப்பியிருக்கிறோம்?