நஞ்சராயன் குளம் - சாயத்தண்ணீரைத் தாண்டி வந்த பறவைகள்

பறவை பார்ப்பதற்காகவே விமானம் ஏறி ஆப்பிரிக்கா போகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உகாண்டாவில், விக்டோரியா ஏரிக் கரையில் மபம்பா என்று ஒரு சதுப்பு நிலம். அங்கே ஷூபில் என்ற அபூர்வப் பறவை வாழ்கிறது. ஆள் உயரத்தில் பாதிக்கு மேல் நிற்கும். அலகைப் பார்த்தால் பெரிய செருப்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் அந்த ஊர் மீனவர்கள், "இதன் முகத்தில் விழித்தால் அன்றைக்கு மீன் கிடைக்காது" என்று நம்பினார்கள். அதனால் அதைக் கண்டாலே விரட்டினார்கள், கொன்றார்கள். இன்றைக்கு அதே மீனவர்கள்தான் வெளிநாட்டுக்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் அந்தப் பறவையைக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். 2006-ல் மபம்பா 'ராம்சார்' பட்டியலில் சேர்ந்தது.

அதே பட்டியலில் பனியன் ஊரான திருப்பூருக்குப் பக்கத்துக் குளம் ஒன்றும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

ராம்சார் என்றால் என்ன?

ராம்சார் என்பது ஈரான் நாட்டில் காஸ்பியன் கடலோரம் உள்ள ஓர் ஊர். 1971 பிப்ரவரி 2-ந் தேதி அங்கே கூடிய நாடுகள், உலகத்தின் முக்கியமான ஈரநிலங்களைக் காப்பாற்ற ஓர் ஒப்பந்தம் போட்டன. அந்த ஊரின் பெயரே ஒப்பந்தத்துக்கும் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் இருந்து முதலில் போனது கோடியக்கரை, 2002-ல். அதற்குப் பிறகு இருபது வருடம் வேறு எந்த இடமும் சேரவில்லை. 2022-ல்தான் வேடந்தாங்கல், வெள்ளோடு, கூந்தன்குளம் என்று வரிசையாகச் சேர்ந்தன. 2024 ஆகஸ்டில் நஞ்சராயன் குளமும் கழுவேலியும் சேர்ந்தபோது தமிழ்நாட்டின் எண்ணிக்கை 18 ஆனது.

குளத்தின் கதை

திருப்பூரில் இருந்து ஊத்துக்குளி போகும் வழியில் சர்க்கார் பெரியபாளையம் வரும். தொல்லியல் துறை பாதுகாக்கிற சுக்ரீஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். அதை ஒட்டித்தான் இந்தக் குளம். பரப்பு சுமார் 125 ஹெக்டேர், அதாவது 300 ஏக்கருக்கு மேல். பல நூற்றாண்டுகளுக்கு முன்பு நஞ்சராயன் என்ற மன்னர் இதைச் சீரமைத்தார் என்றும், அதனால்தான் இந்தப் பெயர் என்றும் சொல்கிறார்கள்.

கொங்கு நாடு மழை மறைவுப் பகுதி. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவ மழையைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பெய்கிற கொஞ்ச மழையைத் தேக்கினால்தான் வெள்ளாமை. அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் நொய்யலையும் அதன் ஓடைகளையும் ஒட்டிக் குளம் குளமாக வெட்டி வைத்தார்கள். நஞ்சராயன் குளத்துக்குத் தண்ணீர் தருவது நல்லாறு. பெயரைக் கவனியுங்கள், நல்ல ஆறு!

நல்லாறு கெட்ட கதை

1980-களில் இருந்து திருப்பூர் பனியன் ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது. ஏற்றுமதிக்குக் கலர் துணி வேண்டும், கலருக்குச் சாயப்பட்டறை வேண்டும். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு நிறையப் போடுவார்கள். ஆனால் அந்த உப்பு துணியில் தங்காது. மொத்தமும் கழிவுத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தைக்கூட நீக்கிவிடலாம், கரைந்த உப்பைச் சாதாரண சுத்திகரிப்பால் பிரிக்கவே முடியாது.

அந்தத் தண்ணீர் நொய்யலில் போய்ச் சேர்ந்தது. பாசனத்துக்கென்று 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவுத் தொட்டியாகவே மாறிப்போனது. "அணையைத் திறந்து விடுங்கள்" என்று கேட்க வேண்டிய விவசாயிகள், "தயவு செய்து திறக்காதீர்கள்" என்று கெஞ்சினார்கள். நல்லாறும் தப்பவில்லை. சாயத்தண்ணீரும் ஊர்ச் சாக்கடையும் அதன் வழியாகக் குளத்துக்கு வந்தன.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. ஒரு பனியனின் அடக்க விலையில் நூல், கூலி, கரண்ட், சாயம் எல்லாம் வரும். பாழான கிணறு எந்தக் கணக்கில் வரும்? எந்தப் பேரேட்டிலும் வராது! அந்தச் செலவை ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்த விவசாயி தன் கையில் இருந்து கட்டினார். 2004-ல் இதற்கென்று இருந்த சுற்றுச்சூழல் இழப்பு ஆணையம் 28,596 பேருக்கு சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒருவருக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது.

விவசாயிகள் கோர்ட்டை விடவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவு வெளியேற்றத்தை முழுதாக நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். அவர்களையும் மறந்துவிடக் கூடாது, அவர்கள் செய்த தப்பு எதுவும் இல்லை. பிறகு பட்டறைகள் கழிவுநீரில் இருந்து தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தும் முறைக்கு மாறித்தான் திறக்க முடிந்தது.

பறவைகள்

இவ்வளவுக்கும் நடுவில் பறவைகள் இந்தக் குளத்தைக் கைவிடவில்லை என்பதுதான் ஆச்சரியம். நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, கொக்கு, நாரை வகைகள், கூழைக்கடா எல்லாம் இங்கே உண்டு. இதுவரை பதிவானவை சுமார் 191 வகைப் பறவைகள், 87 வகை வண்ணத்துப்பூச்சிகள்.

இவற்றில் ஹீரோ வரித்தலை வாத்துதான். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இமயமலையைத் தாண்டி இந்தியா வருகிறது. 7,000 மீட்டருக்கு மேலேகூட இது பறப்பதை விஞ்ஞானிகள் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் மனிதன் மூச்சு விடவே திணறுவான். அப்படி வருகிற பறவை கடைசியில் வந்து இறங்குவது பனியன் கம்பெனிகளுக்குப் பக்கத்துக் குளத்தில்!

பறவை வலசை போவது தமிழர்களுக்குப் புதிய செய்தி இல்லை. குளிரில் நடுங்கிய சத்திமுத்தப் புலவர், தெற்கே குமரிக்கு வந்து வடக்கே திரும்புகிற நாரையிடம்தான் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் மக்கள், பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று 1790-களிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு உத்தரவு வாங்கினார்கள். காரணம் வெறும் இரக்கம் மட்டும் இல்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். கணக்குத் தெரிந்த மக்கள்!

யார் காப்பாற்றினார்கள்?

நஞ்சராயன் குளத்துக்கு அப்படிப்பட்ட உத்தரவு எதுவும் இருக்கவில்லை. பைனாகுலரும் நோட்டும் எடுத்துக்கொண்டு வந்த உள்ளூர் ஆட்கள்தான் இருந்தார்கள். திருப்பூர் இயற்கைக் கழகம் போன்ற அமைப்புகள் இங்கே வருகிற பறவைகளை எண்ணிப் பதிவு செய்தன. என்ன பறவை, எத்தனை, எந்தத் தேதி என்று எழுதி வைப்பது பார்க்கச் சின்ன வேலை. ஆனால் "அது வெறும் சாக்கடைக் குளம்தானே" என்று யாராவது சொன்னால் எடுத்து நீட்டுவதற்கு அந்தக் கணக்குதான் ஆதாரம். 2022-ல் தமிழக அரசு இதை மாநிலத்தின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. இரண்டே வருடத்தில் ராம்சார் பட்டியலும் வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ராம்சார் என்பது ஒரு பட்டம்தான். பட்டம் தண்ணீரைச் சுத்தம் செய்யாது. குளம் நல்லாற்றை நம்பி இருக்கிறது. நல்லாறு அதன் கரையில் இருக்கிற ஊர்களை நம்பி இருக்கிறது. சாக்கடையில் இருக்கும் சத்து அளவாக இருந்தால் பாசியும் பூச்சியும் மீனும் வளரும், பறவைக்கு இரை கிடைக்கும். அளவு மிஞ்சினால் ஆகாயத்தாமரை மூடி, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, மீன் செத்து மிதக்கும். பிறகு பறவைக்கு அங்கே என்ன வேலை?

மபம்பா மீனவர்களுக்கு ஷூபிலைக் காப்பாற்றினால் அன்றைக்கே கையில் காசு. திருப்பூரில் அந்த மாதிரி நேரடி லாபம் இல்லை. இருந்தும் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்களே, அதுதான் பெரிய விஷயம்.

2015-ல் இருந்து தமிழ்நாடு முழுவதும் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம், கால் மணி நேரம் இருந்தால் போதும். ஆப்பிரிக்கா போக லட்சக்கணக்கில் செலவாகும். ஊத்துக்குளிக்கு வெண்ணெய் வாங்கப் போகிறவர்கள், அடுத்த மார்கழியில் ஒரு நாள் காலையில் சர்க்கார் பெரியபாளையத்தில் இறங்கிப் பாருங்கள். டவுன் பஸ் டிக்கெட் காசுதான் செலவு. மங்கோலியாவில் இருந்து வந்த விருந்தாளி அங்கே உட்கார்ந்திருக்கலாம்.