கேரிசன் ஃபினிஷ்: ஒரு ஜாக்கி விட்டுப்போன சொல்

அமெரிக்க விளையாட்டுச் செய்திகளில் 'கேரிசன் ஃபினிஷ்' என்ற சொல் சில சமயம் கண்ணில் படும். அகராதியைப் புரட்டினால் கேரிசன் என்பதற்குக் கோட்டைக் காவல்படை என்று போட்டிருக்கும். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது ஒரு ஆளின் பெயர்.

எட்வர்ட் 'ஸ்னாப்பர்' கேரிசன் (1868–1930). 1880களிலும் 90களிலும் நியூயார்க் பக்கம் கொடிகட்டிப் பறந்த ஜாக்கி. குதிரையைப் பின்னாலேயே அடக்கி வைத்திருப்பார். கடைசித் திருப்பம் தாண்டியதும் அங்கவடியில் எழுந்து நின்று, பிடரிமயிர் மேல் குனிந்து விரட்டுவார். 1892-ல் புரூக்ளினின் ஷீப்ஸ்ஹெட் பே மைதானத்தில் சபர்பன் ஹேண்டிகேப் பந்தயம். தூரம் ஒன்றேகால் மைல். மொன்டானா என்ற குதிரையில் வந்த கேரிசன், கடைசி ஃபர்லாங்கில் (சுமார் 200 மீட்டர்) முன்னால் போனவர்களை எட்டிப்பிடித்து ஜெயித்தார். இந்தப் பாணிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பிறகு பேஸ்பால், தேர்தல் என்று எங்கெல்லாமோ போனது!

பார்க்கிற நமக்கு அந்தக் குதிரைக்குத் திடீரென்று இறக்கை முளைத்த மாதிரி இருக்கும். கடிகாரம் வேறு கதை சொல்கிறது. அமெரிக்க மண்தரைப் பந்தயங்களில் பெரும்பாலான குதிரைகள் முதல் கால் மைலைவிடக் கடைசிக் கால் மைலை மெதுவாகத்தான் ஓடுகின்றன. முன்னால் பாய்ந்தவை அதிகம் தளர்கின்றன, பின்னால் வந்தது குறைவாகத் தளர்கிறது, அவ்வளவுதான். எனவே கேரிசனின் திறமை அந்த 200 மீட்டரில் இல்லை, அதற்கு முந்தைய ஒரு மைலுக்கும் மேலான பொறுமையில் இருந்தது என்பது என் கட்சி.

இப்படியே ஓடிப் பழகிய குதிரையை 'க்ளோசர்' என்பார்கள். இதில் சூப்பர் ஸ்டார் சில்கி சல்லிவன். 1958 சான்டா அனிடா டெர்பியில் 28 குதிரைநீளம் பின்தங்கியிருந்து, மூன்றரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. (ஒரு நீளம் சுமார் எட்டு அடி, கணக்குப் போட்டுப் பாருங்கள்.) அதன் பெயரும் ஒரு சொல்லாகிவிட்டது. அதே வருடம் கென்டக்கி டெர்பியில் இதைக் காட்டவே டிவிக்காரர்கள் தனி கேமரா வைத்தார்கள். பாய்ச்சல் வரவில்லை. 12-ம் இடம்!

க்ளோசரின் கஷ்டமே இதுதான். முன்னால் ஓடுபவை வேகமாக ஓடிக் களைத்தால்தான் இதற்கு வாழ்வு. அவை நிதானமாக ஓடினால் கடைசியில் பிடிக்க முடியாது. பிடிக்கப் பார்க்கும்போது தூரமும் தீர்ந்துவிடும். தொடர்ந்து 19 பந்தயங்களில் வென்ற செனியாட்டாவுக்கு 2010 பிரீடர்ஸ் கப் கிளாசிக்கில் அதுதான் நடந்தது. பின்னாலிருந்து பாய்ந்து வந்தும், பிளேம் என்ற குதிரையிடம் தலையளவில் தோற்றது. இன்னும் சில அடி இருந்திருந்தால் 20-க்கு 20.